பேரிங்குக்கு எமன் தண்ணீர்தான்

"வண்டி அவ்வளவா ஓடவே இல்லையேண்ணே, அதுக்குள்ள எப்படிப் பேரிங் போச்சு?"

குன்னூரில் பைக் பட்டறை வைத்திருக்கும் என் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. கேட்பவர் எஸ்டேட் சூப்பர்வைசராக இருப்பார், இல்லையென்றால் கேத்திப் பக்கம் கேரட் போடும் விவசாயி. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதே வண்டி கோவையிலோ ஈரோட்டிலோ ஓடியிருந்தால் சக்கர பேரிங்கைப் பற்றி வருஷக்கணக்கில் யோசிக்கவே வேண்டியிருக்காது. இங்கே இரண்டு மழைக்காலம் கடந்தாலே கரகரவென்று சத்தம் கொடுக்கிறது. மீட்டரைப் பார்த்தால் பத்தாயிரத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

மலையில் பேரிங்கின் ஆயுளைக் கிலோமீட்டரில் கணக்குப் போட முடியாது. எத்தனை மழை பார்த்தது, எத்தனை ஓடை இறங்கியது, எத்தனை தடவை வாட்டர் சர்வீஸ் ஆனது என்பதுதான் கணக்கு.

இப்படிச் சேற்றிலும் ஓடையிலும் ஓட்டும் டர்ட் பைக் என்றதும் மண்மேட்டில் பறக்கும் ரேஸ் வண்டிதான் பலருக்கு ஞாபகம் வரும். 2015இல் சி.எஸ். சந்தோஷ் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024இல் ஹரித் நோவா அதே டக்காரில் ராலி 2 பிரிவை வென்றார். அது விளையாட்டு. நீலகிரியில் இந்த வகை வண்டி வேலைக்காரன். 2011இல் வந்த ஹீரோ இம்பல்ஸ், 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019இல் வந்த எக்ஸ்பல்ஸ் எல்லாம் எஸ்டேட் ரோட்டில் ஓடுகின்றன. அவற்றோடு பழைய ஆர்.எக்ஸ். 100, மூட்டை ஏற்றிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஆகியவையும் அதே சேற்றில் இறங்கி அதே கல்லில் ஏறுகின்றன. கம்பெனி ஆஃப்ரோடு என்று எழுதி ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பது பேரிங்குக்குத் தெரியாது.

உள்ளே இருப்பது என்ன?

முன்சக்கரத்தின் நடுவே போகும் ஆக்ஸில் சுற்றுவதில்லை. அதைச் சுற்றி ஹப் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது பேரிங். ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், நடுவே ஏழெட்டுப் பால்ரஸ் குண்டுகள், அவை ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைக்கும் கூடு, கொஞ்சம் கிரீஸ், இரண்டு பக்கமும் மூடி. இவ்வளவுதான். ஹப்பில் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று இரண்டு இருக்கும். அவற்றுக்கு நடுவே ஸ்பேசர் என்ற குழாய் ஒன்று உண்டு. பின்சக்கரத்தில் செயின் ஸ்ப்ராக்கெட் உட்காரும் டிரம்முக்குத் தனியாக இன்னொரு பேரிங் பல வண்டிகளில் இருக்கும். அதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

21 இஞ்ச் முன்சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். கிலோமீட்டருக்கு 450 சுற்றுக்கு மேல். ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சக்கரம் இருபதாயிரம் தடவைக்கு மேல் சுற்றிவிடும். இத்தனை சுற்றிலும் குண்டுக்கும் அது ஓடும் தடத்துக்கும் நடுவில் நிற்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். படலம் இருக்கும் வரை இரும்பு இரும்பைத் தொடாது. தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் கெடுவது அந்தப் படலம். அப்புறம் துரு.

"பேரிங் ஸ்டீல்ல குரோமியம் இருக்குதே, அது எப்படித் துருப்பிடிக்கும்?" என்று பாலிடெக்னிக் படித்த பையன் ஒருவன் கேட்டான். இருப்பது உண்மைதான். ஆனால் சாதாரண பேரிங் எஃகில் குரோமியம் சுமார் ஒன்றரை சதவீதம். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது பத்தரை சதவீதமாவது வேண்டும். இதில் குரோமியம் சேர்ப்பது கடினத்துக்காக. ஈரத்தோடு நாலு நாள் நிறுத்திவைத்தால் குண்டு உட்கார்ந்த இடத்திலேயே தடத்தில் புள்ளி விழும். விழுந்த புள்ளி எந்த கிரீஸ் போட்டாலும் ஆறாது. அதன்மேல் குண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் அது பெரிதாகிக்கொண்டே போகும்.

தண்ணீர் எப்படி நுழைகிறது?

ரப்பர் மூடி இருக்கிறது, ஆயில் சீல் இருக்கிறது, பிறகு எப்படி? இதைப் பலரும் யோசிப்பதில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் கொதிக்கும். ஹப்பும் சேர்ந்து சூடாகும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, சீல் ஓரமாகக் கொஞ்சம் வெளியேறிவிடும். அந்தச் சூட்டோடு வண்டியை ஓடையில் இறக்கினால், அல்லது வழியில் நிறுத்தித் தண்ணீர் பீய்ச்சினால், ஹப் சட்டென்று குளிரும். உள்ளிருக்கும் காற்று சுருங்கும். வெற்றிடத்தை நிரப்ப வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கும். வெளியில் இருப்பது தண்ணீர். நல்ல சீல்கூட இந்த இழுவைக்கு முன்னால் தோற்றுப்போகும். மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் வா என்று போர்டு வைத்திருப்பது பிரேக்குக்காகத்தான். ஆனால் எஞ்சின் பிடிப்பில் இறங்குகிறவர் வீட்டு வண்டியில் பேரிங்கும் நீண்ட நாள் உழைக்கிறது.

இரண்டாவது வழி வாட்டர் சர்வீஸ். சேறு போக வேண்டும் என்று அழுத்தத் தண்ணீரை ஆக்ஸில் ஓரத்திலும் ஹேண்டில் கழுத்திலும் நேராகப் பிடிக்கிறார்கள். மழையைத் தாங்கும் சீல் அந்த வேகத்தைத் தாங்காது. தோட்டத்தில் கேரட் கழுவும் இடத்துக் குழாயிலேயே வண்டியையும் கழுவுகிறவர்கள் உண்டு. குழாயைத் தள்ளி நின்று பிடித்தால் தப்பில்லை. பக்கத்தில் கொண்டுபோய்ச் சீலைப் பார்த்து அடித்தால் பேரிங்குக்கு நாள் குறித்தாயிற்று.

மூன்றாவது, ஊரின் மழை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஒரே மாவட்டத்தில் இரண்டு பருவத்துக்கும் வேலை பார்க்கிற வண்டிக்குக் காய நேரமே கிடைப்பதில்லை.

போன ஐப்பசியில் எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் ஒருவர் வண்டியை விட்டுவிட்டுப் போனார். பிரேக் லீவர் சில நேரம் உள்ளே போகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது என்பது அவர் சொன்ன குறை. பிரேக் ஆயில் மாற்றச் சொன்னார். நான் முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். தளதளவென்று ஆடியது. ஆக்ஸிலை உருவியதும் கரைந்த துருவோடு தண்ணீர் ஒழுகியது. ஒரு பக்கத்துப் பேரிங்கில் கூடு உடைந்து குண்டெல்லாம் ஒரே ஓரமாகச் சேர்ந்திருந்தது. சக்கரம் ஆடும்போது டிஸ்க்கும் கூடவே ஆடி, பிரேக் பேடைப் பின்னால் தள்ளியிருக்கிறது. அடுத்த முறை லீவரைப் பிடிக்கும்போது அது உள்ளே போகாமல் என்ன செய்யும்? அந்த வண்டியில்தான் அவர் தினமும் பர்லியாறு வரை இறங்கிக்கொண்டிருந்தார்.

கையே போதும்

சக்கர பேரிங்கைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அது இல்லாத வண்டி என்றால் எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். டயரின் மேல்பக்கம் ஒரு கை, கீழ்ப்பக்கம் ஒரு கை வைத்து இடமும் வலமுமாக ஆட்டுங்கள். டக்கென்று ஒரு சின்ன ஆட்டம் கையில் தட்டுப்பட்டாலே பேரிங் முடிந்தது என்று அர்த்தம். முன்சக்கரமானால் யாராவது ஃபோர்க்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்கின் ஆட்டத்தைச் சக்கரத்தின் ஆட்டம் என்று நினைத்துவிடுவீர்கள்.

அடுத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு ஃபோர்க்கின் அடிப்பக்கம் கையை வையுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் சுற்றும். கெட்டது கரகரப்பைக் கைக்கு அனுப்பும். சக்கரம் கழற்றியிருக்கும்போது விரலை உள்வளையத்தில் விட்டுத் திருகிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எங்காவது நெருடினால், எங்காவது பிடித்தால், மாற்ற வேண்டியதுதான். ஒரு பக்கம் போனால் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே தண்ணீரைக் குடித்தவைதான்.

மாற்றும் முறை

ஆக்ஸில் நட்டைக் கழற்றி, ஆக்ஸிலைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி உருவ வேண்டும். நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை மழுங்கும். ஆக்ஸிலின் இரண்டு பக்கத்து புஷ்ஷும் பல வண்டிகளில் ஒரே நீளம் இருக்காது. எது எந்தப் பக்கம் என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஆயில் சீலை நெம்பி எடுத்ததும் பேரிங் தெரியும்.

நடுக் குழாயைக் கொஞ்சம் ஒதுக்கினால் எதிர்ப்பக்கப் பேரிங்கின் உள்வளைய ஓரம் தெரியும். அதில் நீளமான கம்பியை வைத்து, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டினால் நேராக வெளியே வரும். குழாய் நகராத ஹப் என்றால் புல்லர் வேண்டும். இப்படித் தட்டி எடுத்த பேரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் திரும்பப் போடக் கூடாது. உள்வளையத்தில் விழுந்த அடி குண்டு வழியாகத் தடத்தில் பள்ளம் போட்டிருக்கும்.

ஹப்பைத் துடைத்து, பேரிங் உட்காரும் வாயில் துருவோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பேரிங்கை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஹப்பை வெந்நீர்த் துணி சுற்றியோ ஹாட் ஏர் கன் வைத்தோ கையால் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். எஃகைவிட அலுமினியம் அதிகமாக விரியும். அதனால் பேரிங் முரண்டு பிடிக்காமல் இறங்கும். உள்ளே அடிக்கும்போது வெளிவளையத்தில் மட்டும்தான் அடி விழ வேண்டும். வெளிவளையத்தின் அளவுக்குச் சரியான சாக்கெட்டை வைத்துத் தட்டுங்கள். சத்தம் மாறிக் கணீரென்று கேட்டால் அடி வரை உட்கார்ந்துவிட்டது.

ஒரு பக்கம் உட்கார்ந்ததும் நடுக் குழாயை மறக்காமல் போடுங்கள். அந்தக் குழாய்தான் ஆக்ஸிலை இறுக்கும்போது வரும் அழுத்தத்தைத் தாங்குகிறது. அது இல்லாமல் இறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் உள்ளே தள்ளப்பட்டுப் பேரிங் நெரிபடும். இரண்டாவது பேரிங்கைக் குழாயைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். அதற்கு மேல் ஓர் அடிகூட வேண்டாம். கடைசியில் ஆக்ஸிலைக் கையால் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். புது ஆயில் சீல், அதன் உதட்டில் கொஞ்சம் கிரீஸ், புது ஸ்ப்ளிட் பின். ஆக்ஸில் நட்டை வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கினால் வேலை முடிந்தது.

எண்ணைப் படித்து வாங்குங்கள்

பேரிங்கின் மேலே பொறித்திருக்கும் எண்ணிலேயே அளவு இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கம் துளையின் அளவு. 02 என்றால் 15 மில்லிமீட்டர், 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கினால் போதும். 04 என்றால் 20. 6202 என்பது 15க்கு 35க்கு 11. 6302க்கும் துளை 15தான், ஆனால் வெளிவட்டம் 42, கனம் 13. அதிகச் சுமை தாங்கும் ரகம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். இசட் இசட் என்றிருந்தால் இரும்பு மூடி. தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. டூ ஆர்.எஸ். என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. கோவையில் பம்புசெட் மோட்டாருக்கு விற்கும் அதே எண் பேரிங் பைக்குக்கும் சேரும் என்று இரும்பு மூடி போட்டதை வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். உட்காரும், ஓடும். அடுத்த மழைக்குத் திரும்பி வரும். மலைக்கு ரப்பர் மூடி தவிர வேறு எதுவும் வேண்டாம். பெரிய கம்பெனிப் பெயரில் போலியும் புழங்குகிறது. பில் கொடுக்காத கடையில் வாங்காதீர்கள்.

ஹேண்டில் கோன்

பால் பேரிங்கின் காப்புரிமைச் சரித்திரம் வண்டிச் சக்கரத்தில் தொடங்கியது. 1794இல் வேல்ஸ் நாட்டு இரும்பாலை அதிபர் பிலிப் வான் குதிரை வண்டி அச்சுக்குக் குண்டு வைத்துக் காப்புரிமை வாங்கினார். 1869இல் பாரிஸில் ஜூல் சுரிரே அதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். நம் பைக்குகள் பலவற்றின் ஹேண்டில் கழுத்தில் இன்றும் அந்தச் சைக்கிள் வேலைதான். மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், நடுவே உதிரிக் குண்டுகள், மேலே இறுக்க ஒரு நட்டு. பட்டறையில் கோன் செட் என்போம். சில வண்டிகளில் குண்டுக்குப் பதிலாகச் சாய்ந்த உருளைகள் இருக்கும். அவை அதிகச் சுமை தாங்கும்.

சக்கர பேரிங் முழுவட்டமாகச் சுற்றுவதால் தேய்மானம் எல்லா இடத்துக்கும் பரவும். கோனுக்கு அந்த வசதி இல்லை. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகிறது. கல் பாவிய எஸ்டேட் ரோட்டில் விழும் ஒவ்வொரு குத்தும் அதே குண்டு வழியாக அதே இடத்தில் இறங்குகிறது. அங்கே கிரீஸ் ஒதுங்கி, தடத்தில் வரிசையாகப் பள்ளம் விழுகிறது. பிறகு ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் டொக்கென்று பூட்டு விழுந்ததுபோல் நிற்கும். கொண்டை ஊசியில் மெதுவாகத் திரும்பும்போது வண்டி தானாக நேராகப் பார்க்கும். நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்கும்.

சோதனை இதற்கும் எளிது. முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. இறக்கத்தில் முன்பிரேக் பிடிக்கும்போது டக் டக்கென்று தட்டுவதும் இதே வியாதிதான். தளர்வு மட்டும் என்றால் கொக்கி ஸ்பேனரால் காடி நட்டை இறுக்கினால் சரியாகும். எவ்வளவு இறுக்குவது? ஆட்டம் போகும் வரை. தூக்கிய சக்கரத்தை நடுவில் வைத்து லேசாக விரலால் தட்டினால் ஹேண்டில் தன் பாரத்திலேயே இரண்டு பக்கமும் சாய வேண்டும். சாயவில்லை என்றால் இறுக்கம் அதிகம். மேல் நட்டை இறுக்கியபின் இன்னொரு தடவை பாருங்கள். அது கீழே இருப்பதையும் சேர்த்து அழுத்தியிருக்கும்.

நடுவில் பூட்டு விழுந்திருந்தால் இறுக்கிப் பயனில்லை. கிண்ணத்தோடு முழுச் செட்டும் மாற்ற வேண்டும். குண்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. கழற்றும்போது பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கயிறு கட்டி நிறுத்துங்கள். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் டி ஸ்டெம்மைக் கீழே இறக்கும்போது குண்டெல்லாம் உதிரும். அடியில் துணி விரித்துப் பிடித்து எண்ணி வையுங்கள். மேலும் கீழும் எண்ணிக்கை வேறாக இருக்கும் வண்டிகளும் உண்டு. பழைய கிண்ணங்களைக் கழுத்துக்குள்ளிருந்து நீளக் கம்பியால் தட்டி எடுத்து, புதியதைச் சாயாமல் இறக்க வேண்டும். தண்ணீரில் கரையாத நல்ல கிரீஸைத் தாராளமாக வையுங்கள். இங்கே கஞ்சத்தனம் கூடாது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இரண்டு ரகத்தைக் கலந்தால் சில சமயம் இரண்டுமே இளகி ஓடிவிடும். மாற்றிய பிறகு சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். கிண்ணம் உட்கார்ந்து கொஞ்சம் தளர்வது இயல்பு.

சக்கர பேரிங் உங்களால் செய்யக்கூடிய வேலை. கோன் செட்டை முதல் தடவை தெரிந்த மெக்கானிக்கோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

இதையாவது செய்யுங்கள்

தென்மேற்கு மழை இறங்குவதற்கு முன் மே மாதக் கடைசியில் ஒருமுறை, வடகிழக்கு மழை விட்டதும் ஒருமுறை, முன்னும் பின்னும் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். மலை இறங்கி வந்த சூட்டோடு வண்டியைக் கழுவாதீர்கள். ஹப் தொட்டுப் பார்க்கக் குளிர்ந்தபின் கழுவுங்கள். ஆக்ஸில் ஓரத்திலும் ஹேண்டில் கழுத்திலும் அழுத்தத் தண்ணீர் அடிக்காதே என்று சர்வீஸ் பையனிடம் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். டயர் மாற்றும்போதெல்லாம் விரலை விட்டுப் பேரிங்கைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

நேரத்தில் மாற்றினால் சில நூறு ரூபாய்ப் பேரிங்கோடு போகும். சத்தத்தோடு ஓட்டினால் ஹப்பின் வாய் தேய்ந்து புதுப் பேரிங் நிற்காமல் போகும். அப்போது ஹப் புதிது, கம்பி பின்னும் கூலி தனி, செலவு ஆயிரக்கணக்கில். அதுவும் வீட்டு வாசலில் நின்றால்தான் செலவோடு போகும். கல்லட்டி இறக்கத்தில் முன்சக்கரம் பிடித்துக்கொண்டால் கணக்குப் பார்க்க ஆள் இருக்க மாட்டான். மலை இறங்கும் வண்டியில் பிரேக்கைப் பார்க்கிற கை, அப்படியே சக்கரத்தையும் ஒருமுறை ஆட்டிப் பார்க்கட்டும்.